காலையில் மடங்காத விரல்

மாலை நான்கு மணிக்கு அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கிக் காட்டினார். நன்றாகவே மடங்கின. "இப்ப சரியாத்தான் இருக்கு டாக்டர், காலையிலதான் முடியல" என்றார், ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் போல. எழுந்தவுடன் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது. வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் நம்பினேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) நாங்கள் முதலில் தேடுவதே இந்த நேரக் கணக்கைத்தான். தேய்மானத்தால் வரும் மூட்டு இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் போல அழற்சியால் (மூட்டு வீங்கிச் சூடாவதால்) வருவது ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடிக்கும்.

காரணம் நம் உடல் கடிகாரம். அழற்சியை அடக்கும் கார்டிசால் ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். விடியலை நோக்கி ஏறி, கண்விழிக்கும் நேரத்தில் உச்சம் தொடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களும் பின்னிரவில் பெருகி, அதிகாலையில் உச்சத்துக்குப் போகின்றன. ஏறிவரும் கார்டிசாலால் அவற்றைச் சமாளிக்க முடிவதில்லை. இரவு முழுக்க அசையாத மூட்டு வேறு. அப்புறம் விரல் எப்படி மடங்கும்?

இதை வைத்தே ஒரு மருந்தைச் சோதித்தார்கள். இரவு பத்து மணி வாக்கில் விழுங்கினால் நான்கு மணி நேரம் கழித்து மருந்தை வெளியிடும் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அது. 288 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் காலை இறுக்கம் சராசரியாக 44 நிமிடம் குறைந்திருந்தது. வழக்கமான மாத்திரையைக் காலையில் எடுத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக இரவுக்கு மாற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. சாதாரண மாத்திரை உடனே கரையும், தூக்கத்தைக் கெடுக்கும். திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. நேரத்தை மாற்றுவதென்றால் மருத்துவரிடம் பேசித்தான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் முழுசாக இளகியது என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எழுந்தவுடன் கையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் பார்க்கும் எங்களுக்கு உங்கள் காலை தெரியாது.

அந்த அம்மா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "6.10 எழுந்தேன். 8.50 பித்தான் போட்டேன்." சிகிச்சை தொடங்கி நான்காவது மாதம் அதே நோட்டைத் திருப்பிக் காட்டினார். பித்தானுக்கு நேரே 6.40 என்று இருந்தது.