எஸ் 24000 கொடுத்தாலும் 17,000-லேயே நின்ற ஸ்பிண்டில்

தட்டாஞ்சாவடி பக்கம் பெயர்ப்பலகை செய்யும் ஒரு பட்டறை. "சார், ஒரு மில்லிமீட்டர் பிட்டு படபடன்னு ஒடியுது. பிட்டு வாங்குற கடைய மாத்திட்டேன், மெஷின் ஓட்டுற பையனையும் மாத்திட்டேன், அப்பவும் ஒடியுது" என்று ஓனர் போன் செய்தார். பையனை மாற்றியதாகச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. பையன் மேல் தப்பில்லை என்று போய்ப் பார்த்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

சிஎன்சி ரவுட்டர் என்பது கம்ப்யூட்டர் கட்டளைப்படி செதுக்கும் மெஷின், அதில் வெட்டும் பிட்டைப் பிடித்துச் சுற்றும் மோட்டார்தான் ஸ்பிண்டில். நிமிடத்துக்கு 12,000 சுற்று வேண்டும் என்று நாம் எஸ் 12000 அடித்தால் அந்த எண் நேராக ஸ்பிண்டிலுக்குப் போவதில்லை. கண்ட்ரோலர் அதைப் பல்ஸாக மாற்றும் (எஸ் கூடக் கூட பல்ஸ் அகலமாகும்), ஒரு சின்ன போர்டு அந்தப் பல்ஸை 0 முதல் 10 வோல்ட்டாக மாற்றும், மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி அந்த வோல்ட்டைப் பார்த்து ஸ்பிண்டிலுக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை முடிவு செய்யும். இரண்டு போல் ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடும், ஆக எஸ் 12000-க்கு 5 வோல்ட், 200 ஹெர்ட்ஸ் வரவேண்டும். எஸ் இரண்டு மடங்கானால் சுற்றும் இரண்டு மடங்காக வேண்டும், நேர்கோடு என்று சொல்வது இதைத்தான். நடுவில் எந்த இடத்தில் கணக்கு பிசகினாலும் ஸ்கிரீனில் ஒன்று காட்டும், பிட்டு வேறொன்று சுற்றும்.

பிட்டைக் கழற்றிவிட்டு, ஒளியை வைத்துச் சுற்றை எண்ணும் டேக்கோமீட்டரை வைத்தேன். இதில் ஒரு விஷயம், பிட்டை இறுக்கும் காலெட் நட்டின் பட்டைகள் பளபளப்பாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பிவிட்டு ரீடிங் மடங்கு மடங்காகத் தப்பாகும். கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரே ஒரு ரிஃப்ளெக்டர் துண்டு ஒட்டவேண்டும். எஸ் 6000-க்கு 7,650 வந்தது. எஸ் 12000-க்கு 11,900, சரி. எஸ் 18000-க்கு 16,150. எஸ் 24000-க்கு 17,000! கடைசி ஆறாயிரம் கூட்டியதற்கு ஆயிரம்கூட ஏறவில்லை. ஓனர் நிமிடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் ஃபீடில், ஒரு ஃப்ளூட் (ஒரே வெட்டு விளிம்பு) பிட்டில் ஓட்டுகிறார். 24,000 சுற்றில் பிட்டு ஒரு சுற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் கடிக்கும், 17,000-த்தில் 0.07. ஒரு மில்லிமீட்டர் பிட்டு ஒடியாமல் என்ன செய்யும்?

விஎஃப்டி அனலாக் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தால் எஸ் 24000-க்கு 7.1 வோல்ட்தான். முன்னாடி வந்த டெக்னீஷியன், எஸ் 12000-க்கு ஸ்பீடு அதிகமாகப் போகிறது என்று போர்டில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டைத் திருகி, அந்த ஒரு இடத்தில் மட்டும் சரியாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். பிரீசெட் எல்லா இடத்தையும் ஒரே விகிதத்தில் இறக்கும், கோட்டின் வளைவை அது நிமிர்த்தாது. பிரீசெட்டை மேலேற்றி, எஸ் 24000-க்கு 10 வோல்ட் வைத்துப் பார்த்தேன். இப்போது எஸ் 12000-க்கு 7 வோல்ட். உண்மையான தப்பு அப்போதுதான் வெளியே வந்தது.

கண்ட்ரோலர் 5,000 ஹெர்ட்ஸில் பல்ஸ் அனுப்புகிறது, அதாவது ஒரு பல்ஸ் சுற்றுக்கு 200 மைக்ரோ நொடி. நடுவில் பல்ஸை ஒளி வழியாகக் கடத்தும் மலிவான ஆப்டோகப்ளர் ஆன் ஆவதில் வேகம், ஆஃப் ஆவதில் சோம்பேறி. ஒவ்வொரு பல்ஸையும் சுமார் 40 மைக்ரோ நொடி நீட்டிவிடுகிறது, 200-ல் 40 என்றால் 20 சதவீதம். பாதி கேட்டால் எழுபது சதவீதம் கிடைக்கிறது, முக்கால் கேட்டால் ஏறக்குறைய முழுசு. அதற்கப்புறம் ஏற இடமே இல்லை.

அவருடைய கண்ட்ரோலரில் ஓடும் சாஃப்ட்வேர் ஜிஆர்பிஎல் ஹால், அதில் டாலர் 33 செட்டிங்கில் பல்ஸ் வேகத்தை மாற்றலாம். 500 ஆக்கினேன். அதே 40 மைக்ரோ நொடி இப்போது 2,000-ல் 40, வெறும் 2 சதவீதம். இன்னும் குறைத்தால் வோல்ட் தளும்பி, ஸ்பிண்டில் ஊங்… ஊங்… என்று ஏறி இறங்கும், அதனால் அங்கேயே நிறுத்தினேன். ஜிஆர்பிஎல்லில் வளைந்த கோட்டைத் துண்டு துண்டாக்கிச் சரிசெய்யும் வசதியும் உண்டு. ஹார்டுவேர் தப்பைச் சாஃப்ட்வேரில் மூடுவது எனக்குப் பிடிக்காது, போர்டு மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, ஜிஆர்பிஎல் 1.1-ல் அதிகபட்ச சுற்றைச் சொல்லும் டாலர் 30 ஆரம்பத்தில் 1000 என்றிருக்கும். அதை 24000 ஆக்காமல் விட்டவர்களுக்கு எஸ் 1000-க்கு மேல் எது கொடுத்தாலும் ஃபுல் ஸ்பீடுதான்.

விஎஃப்டி டிஸ்ப்ளேயையும் அப்படியே நம்பாதீர்கள். கடலூரில் கதவு செதுக்கும் ஒரு பட்டறையில் ஃபுல் ஸ்பீடில் 11,520 என்று காட்டுகிறது, ஸ்பிண்டில் போய்விட்டது என்று புது ஸ்பிண்டிலுக்கு விலை கேட்டுவிட்டார்கள். ஸ்பிண்டில் நன்றாகவே 24,000 ஓடியது. 50 ஹெர்ட்ஸுக்கான சுற்று 1,440 என்று உள்ளே இருந்தது, 400 ஹெர்ட்ஸ் அதில் எட்டு மடங்கு, 1,440-ஐ எட்டால் பெருக்கினால் அதே 11,520. அதை 3,000 என்று மாற்றியதும் டிஸ்ப்ளே சரியானது, ஒரு ரூபாய் செலவில்லை.

இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம், ஆனால் விஎஃப்டி மூடியைத் திறப்பதற்கு முன் கரண்டை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். 230 வோல்ட் விஎஃப்டியின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், சார்ஜ் விளக்கு முழுதாக அணையும்வரை கை வைக்கக்கூடாது.

தட்டாஞ்சாவடியில் அதே நாலு எஸ்-க்கும் கடைசி ரீடிங்: 6,450, 12,400, 18,400, 23,850. பால்பாயின்ட் பேனாவால் ஒரு அட்டையில் எழுதி மெஷினில் ஒட்டினேன். பழைய பையன் வில்லியனூரில் வேறு பட்டறைக்குப் போய்விட்டானாம், ஓனர் அவன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.