உருண்டையா, துளி வடிவமா? மார்பக இம்பிளாண்ட் பற்றி அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

கண்டியில் நான் பார்க்கும் கிளினிக்குக்கு மார்பக இம்பிளாண்ட் பற்றிக் கேட்க வரும் பெண்கள் இரு சாரார். புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றியவர்களும் அகற்றப்போகிறவர்களும் ஒரு சாரார். மார்பு சிறியது என்றோ, பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வற்றிவிட்டது என்றோ, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை என்றோ வருகிறவர்கள் மற்றச் சாரார். கதிரையில் உட்கார்ந்ததும் இரு சாராரும் கேட்பது ஒரே கேள்வி: "உருண்டை நல்லதா டொக்டர், துளி வடிவம் நல்லதா?"

கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதையே முதலில் பிடித்துக்கொள்வதால், அதைவிடப் பெரிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. உறையின் மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, தசைக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா, கதிர் சிகிச்சை இருக்கிறதா, கையால் என்ன வேலை செய்கிறீர்கள், பத்து வருடம் கழித்து எங்கே போய்க் காட்டுவீர்கள்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் வடிவம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். மலையகத்துப் பெண்களுக்கு இந்த விடைகள் சில இடங்களில் வேறுபடுகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வடிவத்தையே பார்த்துவிடுவோம். சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல்லையோ உப்புநீரையோ அடைத்த பைதான் இம்பிளாண்ட். முதலாவது சிலிக்கோன் ஜெல் இம்பிளாண்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. உருண்டை வகையில் அடி அகலமும், முன்னோக்கி எவ்வளவு எழும்பி நிற்க வேண்டும் என்பதும் முடிவானால் கொள்ளளவு வந்துவிடும். துளி வகை மேலே மெலிந்து கீழே திரண்டிருக்கும். அதில் உயரத்தையும் தனியாகத் தெரிவு செய்யலாம். அந்த வடிவம் குலையாமல் நிற்பதற்காக உள்ளே இறுக்கமான ஜெல்லை வைக்கிறார்கள். ஆகவே தொட்டால் சற்றுக் கெட்டியாகவே இருக்கும்.

மாதிரிகள் இரண்டையும் மேசையில் வைத்தால் அநேகமாக எல்லோர் கையும் துளி வடிவத்தின் பக்கமே போகும். அதுதான் இயற்கையாகத் தெரிகிறது என்பார்கள். அப்போது நான் உருண்டையை எடுத்து நிமிர்த்திப் பிடித்துக் காட்டுவேன். சுடுநீர்ப் பையைத் தூக்கினால் நீர் அடியில் சேர்வதுபோல, மென்மையான ஜெல்லும் கீழே இறங்கி, மேற்பகுதி தட்டையாகிவிடும். எழுந்து நிற்கும் பெண்ணின் உடலிலும் இதுதான் நடக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் எடுத்த படங்களைக் காட்டி, எது உருண்டை, எது துளி என்று பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களிடமே கேட்ட ஆய்வுகள் உண்டு. அவர்களாலேயே நம்பிச் சொல்லும்படி பிரித்தறிய முடியவில்லை. படுக்கும்போது உருண்டையின் ஜெல் பக்கவாட்டில் பரவும், துளி நின்ற நிலையிலேயே நிற்கும். படங்களை மட்டும் பார்த்து வருகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

துளி வடிவத்துக்கென்று இடம் இல்லாமல் இல்லை. மார்பின் மேற்பகுதித் தோலைச் சதையோடு விரல்களால் கிள்ளி அளந்து பார்ப்போம். இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் உள்ளே வைக்கும் பொருளின் மேல்விளிம்பு வெளியே வரம்புபோலத் தெரியக்கூடும். மிகவும் மெலிந்தவர்களுக்கும், மார்பகத்தை முழுதாக எடுத்துவிட்டதால் மேலே மூடச் சதையே இல்லாதவர்களுக்கும், முலைக்காம்புக்கும் கீழ்மடிப்புக்கும் இடையே தோல் போதாதவர்களுக்கும் மேலே மெலிந்த துளி கைகொடுக்கும். மற்றவர்களுக்கு உருண்டையே போதும் என்பது என் கருத்து.

இப்படி நான் உருண்டையின் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் அழகல்ல. உருண்டை உள்ளே எத்தனை முறை சுழன்றாலும் வெளியே தெரியாது. துளி சுழன்றால் திரண்ட பகுதி அக்குள் பக்கமோ மேலேயோ வந்துவிடும். கையால் அழுத்தித் திருப்பிவிடலாம் சில வேளை. மறுபடியும் சுழன்றால் மறுபடியும் ஒப்பரேஷன்தான். சுழலாமல் சதையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் துளி வகைகளின் உறையைப் பெரும்பாலும் சொரசொரப்பாகச் செய்தார்கள். பிரச்சினை அந்தச் சொரசொரப்பில்தான் வந்து நின்றது.

இம்பிளாண்டைச் சுற்றி உடல் உருவாக்கிக்கொள்ளும் சவ்வில் ஒருவகை லிம்போமா தோன்றலாம். இது மார்பகப் புற்றுநோய் அல்ல. நோயெதிர்ப்புக் கலங்களில் வரும் வேறொரு புற்றுநோய். இதன் முதல் நோயாளி பற்றி 1997இல் மருத்துவ இதழில் எழுதப்பட்டது. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்பிளாண்டுக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று எச்சரித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. மிகக் கரடான சொரசொரப்பு வகைகளை 2019 ஏப்ரலில் பிரான்ஸ் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை இம்பிளாண்டுகள் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெறப்பட்டன. நோய் அரிது, நேரத்தோடு கண்டுபிடித்து இம்பிளாண்டையும் சவ்வையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். சொரசொரப்பான இம்பிளாண்ட் ஏற்கெனவே உள்ளே இருந்து, எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் பயந்து ஓடிப்போய் அதை எடுக்கத் தேவையில்லை. ஆனால் புதிதாக வைக்கப்போகும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் காட்டி ஒப்புதல் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. "துளி வடிவம்" என்று யாராவது சொன்னால், "அதன் மேற்பரப்பு என்ன?" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது வேலை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, நாற்பதுகளின் நடுவில், ஒரு மார்பகத்தை அகற்றிய பின் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். எப்படிப் பறிப்பீர்கள், காட்டுங்கள் என்றேன். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களால் பறித்து, கைப்பிடி நிறைந்ததும் ஒரே வீச்சில் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போடுவதைச் செய்து காட்டினார். பிறகு இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னேன். நெஞ்சுத் தசை இறுகி எழும்பியது. இம்பிளாண்டை அந்தத் தசைக்குக் கீழே வைத்தால், தசை இறுகும்போதெல்லாம் அது மேலேயும் பக்கவாட்டிலும் தள்ளப்படும். அலுவலக மேசையில் வேலை செய்பவருக்கு அது எப்போதாவது நடக்கும். நாள் முழுதும் கையால் உழைப்பவருக்கு அது நாள் முழுதும் நடக்கலாம். தசைக்கு மேலே வைக்கலாமென்றால், மூடுவதற்கு நல்ல சதை வேண்டும்.

இன்னொரு வழி, முதுகின் பெரிய தசையைத் தோலோடு முன்னால் கொண்டுவந்து மார்பை அமைப்பது. நல்ல முறைதான். ஆனால் மேட்டில் ஏறும்போது பற்றி இழுப்பதற்கும், மேலே உயர்த்திய கையைக் கீழே இழுப்பதற்கும் உழைக்கும் தசை அது. வீட்டு வேலைக்கு அதன் குறை அதிகம் தெரியாது. சரிவான மலையில் தெரியலாம். அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்தும் இருக்கிறது. அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நாளில் மலைக்குப் போகலாம் டொக்டர்?" பாரம் தூக்காமல் குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றேன். அந்த ஆறு வாரச் சம்பளம் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் சிகிச்சைத் தெரிவின் ஒரு பகுதி. அதைக் கேட்காமல் எந்த வைத்தியரும் இம்பிளாண்ட் பெட்டியைத் திறக்கக் கூடாது.

குளிரையும் சொல்ல வேண்டும். மார்பகத்தை எடுத்த பின் மெல்லிய தோலுக்குக் கீழே இருக்கும் இம்பிளாண்ட் குளிர்காலத்தில் சில்லென்று இருப்பதாகப் பெண்கள் சொல்வதுண்டு. நுவரெலியாவின் ஜனவரி விடியலில் வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் எடுத்து அமைக்கும் மார்பு உடலின் சூட்டோடு இருக்கும். ஆனால் அது நுண்ணிய இரத்தக்குழாய்களை இணைக்கும் நீண்ட ஒப்பரேஷன்.

கதிர் சிகிச்சை பெற்ற தோலுக்குக் கீழே இம்பிளாண்ட் வைத்தால், சுற்றியுள்ள சவ்வு இறுகிச் சுருங்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. முற்றிய நிலையில் மார்பு கல்போலாகி, வலித்து, உருக்குலையும். அப்படி இறுகிய பின் உருண்டையாவது, துளியாவது, எல்லாம் ஒன்றுதான். மேலே சொன்ன அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை மீதமிருந்தது. அது முடியட்டும், பிறகு வயிற்றுச் சதையை வைத்து யோசிக்கலாம் என்று இருவரும் பேசி முடித்தோம். வடிவம் என்ற பேச்சே எழவில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: வெற்றிலையோடு போடும் புகையிலையை நிறுத்த வேண்டும். சிகரட் பிடித்தால்தான் காயம் ஆறாது என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான். அது தோலின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

இம்பிளாண்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருள் அல்ல. வருடங்கள் போகப்போக உறை கிழியவோ சவ்வு இறுகவோ வாய்ப்புக் கூடும். ஜெல் இம்பிளாண்ட் வலியில்லாமலே உள்ளே கிழிந்திருக்கலாம். அதனால், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் எடுக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் செய்யலாம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் வந்து போக ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாளைச் சம்பளத்தையும் பஸ் காசையும் ஸ்கேன் செலவையும் இனி வரும் வருடங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரிதாக்க விரும்பி வரும் இளம் பிள்ளைகளிடம் நான் வேறு சிலவற்றைப் பேசுவேன். அமெரிக்காவில் இந்த நோக்கத்துக்கு ஜெல் இம்பிளாண்ட் 22 வயதானவர்களுக்குத்தான் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. இங்கும் அதற்கு முன் அவசரப்பட வேண்டாம் என்பேன். பிள்ளை பெறும் எண்ணம் அருகில் இருந்தால், பெற்றுப் பால் கொடுத்து முடித்த பின் வாருங்கள் என்பேன். அளவு குழப்பமாக இருந்தால் பொலித்தீன் பையில் அரிசியை மில்லிலீற்றர் கணக்கில் அளந்து கட்டி, உள்ளாடைக்குள் வைத்து ஒரு நாள் முழுதும் வீட்டு வேலை செய்து பார்க்கலாம். முந்நூறு மில்லிலீற்றர் இம்பிளாண்ட் ஏறத்தாழ முந்நூறு கிராம். அதை இரண்டு பக்கமும் சுமக்க வேண்டும். கணவரோ காதலரோ போனில் படம் காட்டி "இந்த வடிவம்" என்று சொல்லும்போது அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன். நெஞ்சு அவளுடையது. வலியும் அவளுக்குத்தான்.

மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலோ, முன்பின் தெரியாத இடத்திலோ செய்துகொள்ள வேண்டாம். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து விற்றது 2010இல் வெளியானபோது, பல நாடுகளில் அதை வைத்திருந்த பெண்கள் பதறிப்போனார்கள். நமது நாட்டில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு செய்த பொருளா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எதையுமே உள்ளே வைக்காமல் இருப்பதும் முழுமையான தெரிவுதான். தட்டையான நெஞ்சோடு நிம்மதியாக வாழும் பெண்கள் என் கிளினிக்கில் நிறையப் பேர். வெளியே அணியும் சிலிக்கோன் மார்பகமும் முக்கோணம், துளி எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. அது வாங்க முடியாவிட்டால் பருத்தியில் பின்னியதை அணியலாம். கைக்குட்டையை மடித்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாரமில்லாததால் உள்ளாடை அந்தப் பக்கம் மேலே ஏறிவிடும். உள்ளே சிறிது பாரம் வைத்துத் தைத்தால் நிலையாக இருக்கும்.

இம்பிளாண்ட் வைத்துக்கொண்டால், வீட்டுக்குப் போகும்போது நோய் நிர்ணய அட்டையை வாங்கிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், தொடர் இலக்கம், கொள்ளளவு, வடிவம், மேற்பரப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் ஸ்டிக்கரைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். லயத்தில் கூரை ஒழுகும் வீடென்றால் அதைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மமோகிராம் எடுக்கப் போனால் இம்பிளாண்ட் இருப்பதைப் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வருடங்கள் கழித்து, அடிபடாமலே ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ கட்டி தட்டுப்பட்டாலோ, தோட்ட மருந்தகத்தில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அந்தக் கொப்பியோடு சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு வாருங்கள். வீங்கிய நீரை ஊசியால் எடுத்து, மேலே சொன்ன லிம்போமாவைக் கண்டறிய உதவும் சிடி30 பரிசோதனையும் வேண்டும் என்று எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். எந்த மேற்பரப்பு என்பது கொப்பியில் இருந்தால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.