ரீட்-ஒன்லி எஃப்டி தானே குடுத்தோம்னு நிம்மதியா இருக்காதீங்க

கோட் ரிவ்யூல அடிக்கடி கண்ணுல படுற நம்பிக்கை ஒண்ணு இருக்கு: "ஃபைலை ரீட்-ஒன்லியா ஓப்பன் பண்ணி அந்த எஃப்டியை (ஃபைல் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த ஃபைலைக் குறிக்க கர்னல் தர்ற நம்பர்) மட்டும்தான் அடுத்த ப்ராசஸுக்கு அனுப்புறோம், அதனால அது எழுதவே முடியாது." லினக்ஸ்ல இது பாதிதான் சரி. எஃப்டி நம்பர் 5-னு வெச்சுக்குவோம், வாங்குன ப்ராசஸ் /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/5-ஐ (தன் எஃப்டிகளை ஃபைல் மாதிரி காட்டுற பாத்) ரீட்-ரைட்டா திரும்ப ஓப்பன் பண்ணிப் பாக்கலாம், கர்னல் அந்த ஃபைலோட ஐநோட்ல (ஃபைலோட விவரப் பதிவு) இருக்குற பர்மிஷனைத்தான் பாக்கும், நீங்க எந்த மோட்ல குடுத்தீங்கன்னு கேக்கவே கேக்காது. 0666 ஃபைலை (யாரும் படிக்கலாம், எழுதலாம்) 0700 டைரக்டரிக்குள்ள (ஓனர் மட்டும் நுழையலாம்) பூட்டி வெச்சிருந்தாலும் இந்த வழியில அந்தப் பூட்டு குறுக்க வராது.

2019-ல ரன்சி-ல (கண்டெய்னர்களை ஓட்டுற டூல்) வந்த ஓட்டை (சிவிஇ-2019-5736) ஞாபகம் இருக்கா? ஓடிட்டு இருக்குற பைனரியை ரைட்டுக்குத் திறக்க கர்னல் விடாது, அதனால கண்டெய்னருக்குள்ள இருந்தவன் முதல்ல /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி (ஓடிட்டு இருக்குற பைனரியைக் காட்டுற பாத்) வழியா ஹோஸ்டோட ரன்சி பைனரிக்கு ஒரு எஃப்டி பிடிச்சு வெச்சுக்கிட்டு, ரன்சி முடியுற வரைக்கும் காத்திருந்து, அதே எஃப்டியை ரைட்டுக்கு ரீஓப்பன் பண்ணி மேலயே எழுதிட்டான். ஹோஸ்ட்ல ரூட்!

அதுக்காக ரீஓப்பனே வேண்டாம்னு சொல்ல முடியாது. டூப் பண்ணா (எஃப்டியை நகல் எடுத்தா) ஆஃப்செட்டும் (ஃபைல்ல இப்போ நிக்குற இடம்) நான்-பிளாக்கிங் ஃபிளாகும் (காத்திருக்காம உடனே திரும்புற மோட்) ரெண்டு எஃப்டிக்கும் பொதுவாயிடும், தனியா வேணும்னா ரீஓப்பன்தான் வழி. ஓ_பாத்ல (படிக்கவோ எழுதவோ திறக்காம ஃபைலைச் சும்மா பிடிச்சு வெக்குற ஃபிளாக்) பிடிச்சு, என்ன டைப் ஃபைல்னு பாத்துட்டு, அப்புறம் நிஜமா ஓப்பன் பண்றதும் இப்படித்தான். ஆனா இது எல்லாமே ப்ராக் மவுண்ட் ஆகியிருந்தாதான், குரூட்குள்ள (ப்ராசஸுக்கு ஒரு டைரக்டரியையே ரூட்டா காட்டுற ஏற்பாடு) அது இல்லன்னா கதை முடிஞ்சுது. ஃப்ரீபிஎஸ்டி மாதிரி பாத்தைக் காலியா விட்டு எஃப்டியை மட்டும் குடுக்குற ஃபிளாக் (அங்க ஓ_எம்ப்டி_பாத்) சுத்தமான வழின்னு எனக்குத் தோணுது.

சிக்கல் டிசைன்லதான். என்னைக் கேட்டா ரீஓப்பன்ல உரிமை குறையலாம், கூடக் கூடாது. ஆனா ஓ_பாத் எஃப்டில ரீடும் இல்ல ரைட்டும் இல்ல, அப்போ அதுக்கு உச்சவரம்பு எங்கிருந்து வரும்? முதல் தடவை திறக்கும்போதே "இதை ரீடுக்கு மேல ஏத்தக் கூடாது"ன்னு கேட்டு வாங்கி, கர்னல் அந்த எஃப்டியோட சேத்து வெச்சுக்கணும்.

இந்தத் தடையைப் பழைய ஓப்பன் சிஸ்டம் கால்ல ஒரு ஃபிளாகா சேக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ஓப்பனும் ஓப்பன்அட்டும் தெரியாத ஃபிளாகைக் கண்டுக்காம விட்டுடும், பழைய கர்னல்ல உங்க ப்ரோக்ராம் பத்திரமா இருக்குறதா நினைச்சுட்டே ஓடும். கர்னல் 3.11-ல ஓ_டெம்ப்ஃபைல் (பேரில்லாத தற்காலிக ஃபைல் உருவாக்குற ஃபிளாக்) கொண்டு வந்தப்போ பழைய கர்னல் கண்டிப்பா எரர் குடுக்கட்டும்னு ஓ_டைரக்டரி பிட்டையும் உள்ள சேத்தது இதனாலதான். 5.6-ல வந்த ஓப்பன்அட்2 தெரியாத ஃபிளாகுக்கு நேரா ஈஇன்வேல் (ஆர்க்யுமென்ட் தப்புங்கற எரர்) குடுத்துடும், அங்கதான் இதுக்கு இடம்.

இப்போதைக்கு என்ன பண்றது? டேட்டாவை மெம்எஃப்டில (மெமரிலயே இருக்குற ஃபைல்) போட்டு ரைட் சீல் (இனி எழுத விடாத பூட்டு) வெச்சு அனுப்புங்க, இல்லன்னா ரீட்-ஒன்லி பைண்ட் மவுண்ட்ல (இருக்குற டைரக்டரியை இன்னொரு இடத்துலயும் காட்டுறது) இருந்து ஓப்பன் பண்ணிக் குடுங்க, ரீஓப்பனும் அந்த மவுண்ட் வழியாவே போறதால ரைட் கிடைக்காது.

இன்னொண்ணு, போசிக்ஸ் லாக் (ப்ராசஸ் பேர்ல இருக்குற ஃபைல் பூட்டு) வெச்சிருக்குற ஃபைலை ஏதோ ஒரு லைப்ரரி ரீஓப்பன் பண்ணி படிச்சுட்டு குளோஸ் பண்ணா, அந்த ஃபைல் மேல உங்க ப்ராசஸ் வெச்சிருந்த லாக் மொத்தமும் சத்தமில்லாம போயிடும். 3.15-ல வந்த ஓஎஃப்டி லாக்ல (ப்ராசஸோட இல்லாம, திறந்த ஃபைலோட சேந்து இருக்குற லாக்) இந்தத் தொல்லை இல்ல.