தண்ணீர் வேலையில் வரும் எலிக்காய்ச்சல்: தொழிலாளிக்கு என்ன உரிமை?

கால்வாய் தூர்வாருபவர், மதகு இயக்குபவர், ஆகாயத்தாமரை அகற்றுபவர், படகில் வேலை பார்ப்பவர். இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 'தண்ணீரிலேயே கிடந்தால் வரத்தானே செய்யும்' என்று சொல்லி இரண்டு மாத்திரையோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது எலிக்காய்ச்சலாக இருந்தால், வேலையால் வந்த நோய். சட்டப்படி அதற்குத் 'தொழில்சார் நோய்' என்று பெயர்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியல் 2010-இல் திருத்தப்பட்டது. அதில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், 1.3.8 என்ற எண்ணில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. இது நாடுகளுக்கான வழிகாட்டுதல்தான். இழப்பீட்டுப் பணம் பற்றிய விதிகள் அதே அமைப்பின் 1964-ஆம் ஆண்டின் 121-ஆம் எண் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளை அது கட்டுப்படுத்தும். நோயாளிக்கு மருத்துவம் தர வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள தொழிலாளியை அடிப்படையாக வைத்து, முந்தைய சம்பளத்தில் 60 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு 50 சதவீதம்.

அதே உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவைத் தற்காலிக வேலையாட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 'போன மாதம்தானே சேர்ந்தாய்', 'காப்பீட்டுச் சந்தா கட்டவில்லையே' என்று சொல்லி உரிமையை மறுக்கக் கூடாது. தொற்றுள்ள சூழலில் இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு நாடு வரையறுக்கலாம்.

பூட்ஸ், கையுறை யார் செலவு? 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் எண் உடன்படிக்கைப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளி கையிலிருந்து ஒரு காசும் போகக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கவும் கூடாது.

சரி, வேலையால்தான் நோய் வந்தது என்று எப்படிக் காட்டுவது? பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கிருமி எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. சிராய்ப்பு, ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் வழியே உடம்புக்குள் போகிறது. அறிகுறி தெரிய பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் வேலை முடிந்து வேறு ஊருக்கே போயிருப்பார். அதனால் எந்தத் தேதியில், எந்த இடத்தில் தண்ணீரில் இறங்கினோம், அப்போது காயம் இருந்ததா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். 'நான் கால்வாயில் வேலை செய்கிறேன்' என்று முதலில் அதைச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்துவிட வாய்ப்பு அதிகம். கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் பரிசோதனை, முதல் வாரத்தில் நோய் இல்லை என்று காட்டலாம். அதோடு விடாமல், சில நாள் கழித்து மறுபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆன்டிபயாடிக் சீக்கிரம் தொடங்கினால்தான் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. அப்புறம், அந்த இரண்டு பரிசோதனை அறிக்கைகளும் இழப்பீட்டு விண்ணப்பத்தோடு போக வேண்டியவை, தொலைத்துவிடாதீர்கள்.