தசை துடிக்கிறது, வலிப்பு வரவில்லை

கெண்டைக்காலில் சதை தானாகத் துள்ளுவதைத் ‘தசை வலிப்பு’ என்று எழுதுகிறவர்களைச் சென்ற மாதம்வரை முணுமுணுத்தபடி கடந்துபோனேன். இப்போது அந்தச் சொல் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அக்கா மகன் ஓசூரில் இரவுப் பணி பார்க்கிறான். ஒரு விடியற்காலையில் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தருகே டீக்கடை பெஞ்சில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான். தோலுக்கு அடியில் சின்னக் குமிழ் ஒன்று எழுந்து எழுந்து அடங்கியது. நான்கு முறை. பிறகு ஒன்றுமில்லை. டம்ளரில் டீ பாதியானபோது மறுபடி இரண்டு. வலி கிடையாது, கால் மடக்க நீட்டத் தடையும் கிடையாது. “மாமா, எனக்கு வலிப்பு வந்துவிட்டது” என்றான். கைப்பேசியில் படித்தானாம்: ‘தீங்கற்ற தசை வலிப்பு’. தீங்கற்ற என்ற சொல் அவன் கண்ணில் படவே இல்லை.

மருத்துவர்கள் இதை ஃபாசிகுலேஷன் என்கிறார்கள். லத்தீனில் ஃபாஸ்கிஸ் என்றால் கட்டு. ஃபாசிகுலஸ் சிறு கட்டு. ஒரு நரம்பணு தன் கீழுள்ள தசைநார்களைக் கற்றையாகச் சுண்டிவிடுவதால் இந்தப் பெயர். பாசிசமும் அதே கட்டிலிருந்து உருவிய சொல்தான். வேர்க்கதை இவ்வளவு போதும்.

வலிப்புக் கட்சிக்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிக்கிறோம் அல்லவா, தசை இழுபட்டால் அது வலிப்புதானே என்பார்கள். அகராதியில் சரி. தருமபுரிச் சந்தையில் ‘வலிப்பு’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், சாவிக்கொத்தோடு நாலு பேர் ஓடி வருவார்கள். (இரும்பால் பயனில்லை என்பது வேறு கதை.) மூளையில் கிளம்பும் நோய் ஒன்று அந்தச் சொல்லில் எப்போதோ குடியேறிவிட்டது. அதே வீட்டில் கெண்டைக்கால் சதையையும் குடிவைத்தால் அஞ்சி நடுங்குவது நோயாளிதான், மொழிபெயர்ப்பாளர் அல்ல.

‘தசைப்பிடிப்பு’ என்பாரும் உண்டு. பிடிப்பு என்றால் சதை கல்லாக இறுகி உயிரை வாங்கும்; இது அப்படியில்லை. ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு. ‘நடுக்கம்’ என்றால் கையோ காலோ ஆட வேண்டும். இங்கே ஆடுவது தோல் மட்டும். ‘அதிர்வு’ மீது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆசை. எங்கள் பக்கத்துக் கன்னடத்தார் கண் அதுருகிறது என்றுதான் சொல்வார்கள், தெலுங்கிலும் ஏறக்குறைய அதே சொல். நம் அதிர்தலின் உறவு. ஆனால் தமிழில் அதிர்வது குவாரியில் வெடி வைக்கும்போது வீட்டுச் சுவர். இமைக்கு அது மிகை.

துடிப்புக்கு என்ன குறை? சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன. இன்றும் கண் துடிக்கிறது என்றுதான் பேசுகிறோம். இதயத் துடிப்போடு குழம்பும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். முன்னால் ‘தசை’ என்று போட்டால் எப்படி ஐயா குழம்பும்?

பையனின் பயம் வலிப்போடு நிற்கவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கிய இயக்க நரம்பணு நோய்வரை தேடிப் போய்விட்டான். அந்த நோயிலும் தசை துடிக்கும், உண்மை. ஆனால் கூடவே கை கால் வலுவிழக்கும், சதை வற்றும். அப்படி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தீங்கற்ற துடிப்பு உள்ள 121 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வு 1993இல் வெளியானது. ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. இவனை மருத்துவர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், குதிகாலில் நடக்கவிட்டார், தூக்கத்தைக் கூட்டி டீயைக் குறைக்கச் சொன்னார். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர்.

இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டு அலைவதை ஒரு துண்டுப்பிரசுரம் ‘மறுஉறுதி நாடும் நடத்தை’ என்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்து வாசகம் போல் இருக்கிறது. தேறுதல் தேடி அலைகிறான் என்றால் ஆகாதா? ஐயம் நீங்குவதும் தேறுதல், மனம் ஆறுவதும் தேறுதல். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் அந்த வேரில் முளைத்ததுதான். இவ்வளவு கையிருப்பை வைத்துக்கொண்டு கடன் வாங்குகிறோம்.

போன ஞாயிறு அவனுக்கு இமையில் துடிப்பு. மாமனை விட்டுவிட்டு நேரே பாட்டியிடம் போய்ச் சொன்னான்.

“வலது கண்ணா, இடதா?” என்று கேட்டார் பாட்டியான என் அம்மா.

“வலது.”

“அப்படியென்றால் இந்த வருடம் பெண் அமைந்துவிடும்” என்று சொல்லிவிட்டுப் புளியில் கொட்டை எடுப்பதைத் தொடர்ந்தார்.