மெயினை இறக்கினால் மட்டும் போதாது: தோட்டத்து ஜெனரேட்டர் இணைப்பு

கரண்ட் போனதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயரை ஏதாவதொரு பாயிண்டில் செருகி ஜெனரேட்டரை ஓட்டுவது தோட்டங்களில் சர்வசாதாரணம். மெயினை இறக்க ஒரே ஒருநாள் மறந்தால் போதும், ஜெனரேட்டர் கரண்ட் லைன் வழியே ஊர் டிரான்ஸ்பார்மருக்குப் போய்விடும். டிரான்ஸ்பார்மருக்குப் போகிற திசை, வருகிற திசை என்ற பேதம் கிடையாது. தாழ்வழுத்தப் பக்கம் ஜெனரேட்டர் கரண்ட் ஏறினால், உயரழுத்தப் பக்கத்தில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும்பும்.

"ஊர் லோடைத் தாங்காமல் சின்ன ஜெனரேட்டர் நின்றுவிடுமே" என்பார்கள். பழுது பார்க்க வருகிற லைன்மேன் முதலில் டிரான்ஸ்பார்மரைத் தனியே பிரித்துவிடுகிறார். பக்கத்துத் தோட்டங்களிலும் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார்கள் நின்றிருக்கும். இழுக்க லோடே இல்லாதபோது ஜெனரேட்டர் சுகமாக ஓடும். மேலே இருப்பவர் கை வைப்பது உயிருள்ள கம்பியில். அந்த நேரத்தில் லைன் கரண்டும் திரும்பிவிட்டால் ஜெனரேட்டரின் வைண்டிங் கருகும், கப்ளிங் முறியும்.

மறதிக்கே இடம் தராத பொருள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்தான். ஒரே கைப்பிடி, ஒரு பக்கம் லைன், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். சிங்கிள் பேஸுக்கு இரண்டு போல் (pole, கைப்பிடியோடு சேர்ந்து மாறும் வயர் இணைப்பு), த்ரீ பேஸுக்கு நான்கு போல் வாங்குங்கள். இரண்டு பிரேக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒன்றை இறக்கி மற்றதைத் தூக்கு" என்பது சேஞ்ச் ஓவர் ஆகாது. ஒன்று ஏறியிருக்கையில் மற்றது ஏறாதபடி இயந்திரப் பூட்டு இருக்க வேண்டும்.

நான்காவது போல் நியூட்ரலுக்கு. காசு மிச்சம் என்று மூன்று போலோடு நிறுத்துபவர்கள், லைன் நியூட்ரலையும் ஜெனரேட்டர் நியூட்ரலையும் நிரந்தரமாக ஒட்டவைக்கிறார்கள். நான்கு போல் போட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்தே வரும்: லைன் நியூட்ரல் விலகிவிடுவதால், ஜெனரேட்டரின் நியூட்ரலை அங்கேயே எர்த் செய்ய வேண்டும். கையில் தூக்கும் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும். அப்படியே விட்டால் ஒரு பேஸ் பாடியில் கசிந்தாலும் கசிவைக் கண்டு கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழாது. எர்த் ராடு காய்ந்த மண்ணில் நின்றாலும் பயனில்லை.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடுகிற பேஸ் வரிசை. ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸின் வரிசை மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். போர்வெல் மோட்டார் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருப்பதால், 'தண்ணி கம்மியா வருது' என்பதோடு சந்தேகம் நின்றுவிடும். பம்பின் அழுத்தத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் வீணாகிக்கொண்டிருக்கும். பேஸ் வரிசை காட்டும் மீட்டரால் சேஞ்ச் ஓவரின் இரு பக்கத்தையும் சோதித்து, ஜெனரேட்டர் பக்கத்து வயரில் ஏதேனும் இரண்டு பேஸை மாற்றுங்கள். மோட்டார் பக்கம் மாற்றினால் லைன் கரண்டில் தலைகீழாகிவிடும்.

அளவு விஷயத்தில் மோட்டாரின் ஓட்டக் கரண்டை நம்பாதீர்கள். 5 எச்பி மோட்டார் ஓடும்போது கேட்பது ஏறக்குறைய 5.5 கேவிஏ. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். அதனால் 7.5 கேவிஏ ஜெனரேட்டர் திணறும், வோல்டேஜ் சரிந்து ஸ்டார்ட்டரே விழுந்துவிடும். 15 கேவிஏ நிம்மதி. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் அந்தக் கிளம்பு கரண்டை மூன்றில் ஒரு பங்காக்கும்.

ஓட்டும் முறை: எல்லா ஸ்டார்ட்டரையும் நிறுத்துங்கள், ஆட்டோ சுவிட்சை மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் கைப்பிடி திரும்பிய கணமே எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கைப்பிடியை ஆஃபுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் பார்த்தபின் ஜெனரேட்டர் பக்கம் திருப்புங்கள். பெரிய மோட்டார் முதலில், சிறியவை பிறகு. லைனுக்குத் திரும்பும்போது மோட்டார்களை நிறுத்தி, கைப்பிடியை மாற்றி, எஞ்சின் சூடு இறங்க ஐந்து நிமிடம் லோடில்லாமல் ஓடவிட்டு அணையுங்கள். இத்தனையும் திறந்த வெளியில்தான். கதவடைத்த மோட்டார் ரூமுக்குள் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.