அல்வாவுக்கு ஆகும் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது

போன மே மாதம் நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் போகும்போது என் பழைய காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டினேன். டீக்கடைக்காரர் ஒருவர் போர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். "மூடியத் தொறங்க அண்ணாச்சி, ஊத்திருவோம்." நல்ல மனுஷர். ஆனால் அதில் இரண்டு வில்லங்கம் உண்டு.

ஒன்று, மூடி. குக்கருக்கு வெயிட் எப்படியோ, எஞ்சின் சூட்டைச் சுமந்து வரும் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டருக்கு மூடி அப்படி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும்வரை விடாது. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை கொதிக்காமல் தாங்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறவேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், இரண்டு டீ ஆயிற்று.

இரண்டாவது, தண்ணீர். வேறு வழியில்லாமல் அதைத்தான் ஊற்றி, மெதுவாகத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வந்து சேர்ந்தேன். மெக்கானிக் வடித்துக் காட்டினார்: சுக்குக் காப்பி மாதிரி, அடியில் துருச் சகதி.

"இதுல என்ன ஊத்துனீய?"

"குறையும்போதெல்லாம் வீட்டுக் குழாய்த் தண்ணிதான். தாமிரபரணி தண்ணி அண்ணாச்சி!"

"அல்வா கிண்டவா போறீய?"

பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்து வெளியே தள்ளுகிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு காவல்காரன். அதற்குள் இருப்பது வெறும் மெழுகு! 85 டிகிரி வாக்கில் மெழுகு உருகி உப்பி, கதவைத் தள்ளித் திறக்கும். மின்சாரமும் வேண்டாம், மூளையும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது.

போர் தண்ணீரின் சங்கதி வேறு. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஒட்டுமே, அதேதான். எந்தச் சுவர் அதிகம் சுடுகிறதோ அங்கேதான் முதலில் ஒட்டும். அலுமினியத்தோடு பார்த்தால் அந்தப் படிவு வெப்பத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். குளிர வேண்டிய இடத்துக்கே கம்பளி போர்த்தின கதை. உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவுதான், ஆனால் துருவைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை.

வெறும் தண்ணீருக்குப் பதில் ஊற்ற வேண்டியது கூலன்ட். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், கூடவே அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள். நீர் கலக்காமல் விற்பது என்றால் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். நீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டி. தடுப்பு ரசாயனம் நாளாவட்டத்தில் தீர்ந்துபோகும், அதனால்தான் வண்டியின் கையேடு சொல்கிற காலத்தில் மாற்றுவது. வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். இனிக்கும் விஷம், தெருநாய் நக்கிவிடும்.

அப்புறம், ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஓட்டினால் ரேடியேட்டர் முகத்தில் புழுதி அப்பும். மெல்லத் தண்ணீர் பீய்ச்சினால் போதும்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் ரிசர்வ் டேங்கின் அளவுக் கோட்டைப் பாருங்கள். எங்கும் ஒழுகாமலே குறைகிறதா, எஞ்சின் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சாவியைத் திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.